ஓட்டம் இங்கே முடியலைங்க

(மார்பகப் புற்றுநோய்க்கான இலவசப் பரிசோதனைக்கு நிதி திரட்ட, ஈரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த 5 கிலோமீட்டர் சமூக ஓட்டத்தின் நிறைவில் ஓய்வுபெற்ற சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதல்ல தண்ணி குடிச்சிட்டு நிழல்ல வந்து உட்காருங்க. ஓடி வந்தவங்களுக்கும் நடந்து வந்தவங்களுக்கும் ஒரே வணக்கம்தான். பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு கடைசியா வந்து சேர்ந்தாங்களே ஒரு பாட்டி, அவங்களுக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு.

எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. நன்றி சொல்ற வேலையைக் குழுவினர் பார்த்துக்குவாங்க. நான் உங்க பணத்தைப் பத்திப் பேசறேன். நீங்க கட்டின நுழைவுக் கட்டணமும், ஜவுளிக்கடைக்காரங்க, மஞ்சள் மண்டிக்காரங்க கொடுத்த நன்கொடையும் சேர்ந்துதான் இலவசப் பரிசோதனையா மாறுது. போன வருஷமும் மாறிச்சு. ஆனா போன வருஷம் நாங்க ஒரு தப்பு செஞ்சோம். அதை உங்ககிட்ட ஒளிக்காமச் சொல்லணும்.

ரேஷன் கார்டு உறைக்குள்ள ஒரு சீட்டு

போன வருஷ ஓட்டத்துல சேர்ந்த பணத்துல ரெண்டு நாள் முகாம் போட்டோம். மேமோகிராம் கருவி வச்ச வண்டி வந்துச்சு. பெண்கள் வரிசையில நின்னாங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணினோம், போட்டோ எடுத்தோம், கைதட்டினோம். சில பேருக்கு மட்டும், "படத்துல ஒரு இடம் தெளிவா இல்லை, பெரிய மருத்துவமனைக்குப் போய் மறுபடியும் பாருங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தோம். எங்க வேலை அதோட முடிஞ்சதுன்னு நினைச்சோம்.

சீட்டு வாங்கினவங்கள்ல எத்தனை பேர் போனாங்க? எங்ககிட்ட கணக்கே இல்லைங்க. எத்தனை பேர் வந்தாங்கங்கிற கணக்கு மட்டும்தான் இருந்துச்சு.

சில மாசம் கழிச்சு, மனசு கேக்காம, பட்டியலை எடுத்து நானே ஒவ்வொருத்தருக்கா போன் போட ஆரம்பிச்சேன். ஒரு தங்கச்சி உடனே எடுத்தாங்க. போய்ப் பார்த்திருக்காங்க, வெறும் நீர்க்கட்டி. "அதைச் சொல்ற வரைக்கும் நான் தூங்கலைங்க சிஸ்டர், வீட்ல யார்கிட்டயும் சொல்லலை"ன்னாங்க.

இன்னொரு அக்கா. மஞ்சள் குடோன்ல கூலி வேலை. ஐம்பது வயசைத் தாண்டினவங்க. போன்ல சரியா பதில் வரலை. நேர்ல போனேன். ரேஷன் கார்டு உறைக்குள்ள இருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாங்க. மடிப்புகூடக் கலையலை. ஏழு மாசமா அங்கேயே இருந்திருக்கு.

"ஏனுங்கக்கா போகலை?"ன்னு கேட்டேன்.

"வலிக்கலையே கண்ணு. ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு. போனா அன்னைக்கே முடியுமா, மறுபடி வரச் சொல்லுவாங்களா, ஒண்ணும் தெரியலை. வீட்டுக்காரரு நல்லாத்தானே இருக்கேன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

அடுத்த நாள் நானே கூட்டிட்டுப் போனேன். புற்றுநோய்தான். முகாம் படத்துல சின்னதா தெரிஞ்சது, இப்ப அக்குள் நெறிக்கட்டிக்கும் போயிருந்துச்சு. அறுவை சிகிச்சை முடிஞ்சிருக்கு, மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு வரணும்னு ஆசைப்பட்டாங்க. நாளைக்கு அவங்களுக்கு மருந்து ஏத்தற நாள், அதனால வரலை. "என் பேரைச் சொல்லாம என் கதையைச் சொல்லு"ன்னு அனுமதி கொடுத்தது அவங்கதான்.

அந்த அக்கா மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். கூலியும் போகாம, துணையும் இருந்து, எங்க போகணும், எத்தனை தடவை போகணும்னு சொல்ல ஆளும் இருந்திருந்தா அவங்க போயிருப்பாங்க. நாங்க ஒரு சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பிட்டோம்.

60 நாள் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2021இல் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கிச்சு. அதுல மூணு இலக்கு. ஒண்ணு, நோய் வர்றவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல முதல் ரெண்டு நிலையிலேயே கண்டுபிடிக்கணும். ரெண்டு, அறிகுறியோட ஒருத்தர் மருத்துவரைப் பார்த்த நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள என்ன நோய்னு உறுதியாகணும். மூணு, குறைஞ்சது 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுசா முடிக்கணும்.

கவனிச்சீங்களா? பரிசோதனை பண்ணினாப் போதும்னு எங்கேயும் சொல்லலை. கண்டுபிடி, சீக்கிரம் உறுதி செய், சிகிச்சையை முடி. மூணும் சேர்ந்தாத்தான் உயிர் பிழைக்கும். நம்ம அக்காவுக்கு ஏழு மாசம் ஆச்சு.

அவசரம் ஏன்னு கேட்டா, 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருஷத்துல ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதுசா வந்துச்சு. இறந்தவங்க 98,000க்கும் மேல. நம்ம நாட்டுப் பெண்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் இதுதான்.

கருவி இல்லாத ஊர்ல என்ன செய்யறது?

"எல்லா ஊருக்கும் மேமோகிராம் வண்டி போகுமா சிஸ்டர்?"ன்னு நேத்து ஒரு தம்பி கேட்டாரு. போகாதுதான். அதுக்கு மும்பையில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்றேன். டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கினது. 35 முதல் 64 வயது வரைக்கும் உள்ள ஒன்றரை லட்சம் பெண்கள். இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. கருவி கிடையாது. பயிற்சி எடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கையால தொட்டுப் பார்த்து சோதிச்சாங்க. 2021இல் முடிவு வந்துச்சு. சோதனை செஞ்ச பகுதியில நோய் முன்கூட்டியே பிடிபட்டுச்சு. 50 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பெண்கள்ல இந்த நோயால வர்ற இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அதைவிட இளைய வயசுல இறப்பு அப்படிக் குறையலை, அதையும் நேர்மையாச் சொல்லிடணும்.

பயிற்சி பெற்ற ஒரு கை, ஒழுங்கா, விடாம வந்தா உயிரைக் காப்பாத்தும். அரசு திட்டத்துலயும் 30 வயசுக்கு மேல உள்ள பெண்களுக்கு இந்தக் கைப் பரிசோதனை இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாச் செய்யறாங்க. மேமோகிராம் பொதுவா 40 வயசுக்கு மேல. இள வயசுல மார்பகத் திசு அடர்த்தியா இருக்கறதால படத்துல சரியாத் தெரியாது. அதனாலதான் நம்ம முகாம்லயும் 40க்குக் கீழே உள்ளவங்களைக் கைப் பரிசோதனைக்கு அனுப்பறோம். "எனக்கு மட்டும் ஏன் படம் எடுக்கலை"ன்னு கோவிச்சுக்காதீங்க.

பயத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்

மேமோகிராம்னா என்ன? ரெண்டு தகடுக்கு நடுவுல மார்பகத்தை வச்சு சில விநாடி அழுத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு படம். கொஞ்சம் அமுக்கும், உடனே விட்டுடும். அன்னைக்குப் பவுடர், வாசனை ஸ்பிரே போடாம வாங்க. சேலை ரவிக்கையோ, சுடிதாரோ, மேல் உடுப்பைத் தனியா கழட்டற மாதிரி போட்டுக்கிட்டு வாங்க. மாதவிடாய் முடிஞ்ச வாரத்துல வந்தா வலி குறைவா இருக்கும்.

மறுபடியும் வரச் சொன்னா புற்றுநோய்னு அர்த்தமா? இல்லைங்க. அப்படி அழைக்கப்படறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் இருக்காது. இன்னொரு கோணத்துல படம், ஒரு ஸ்கேன், தேவைப்பட்டா ஊசியால கொஞ்சம் திசு எடுத்துப் பார்ப்பாங்க. "ஊசி குத்தினா பரவிடும்"னு ஊர்ல சொல்றதை நம்பாதீங்க. அந்த ஊசி இல்லாம என்ன நோய், என்ன மருந்துன்னே சொல்ல முடியாது.

வலிக்கலைன்னா ஒண்ணும் இல்லையா? இதுதான் ரொம்ப ஆபத்தான நினைப்பு. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. மார்பகத்துலயோ அக்குள்லயோ புதுசா கட்டி, தோல் குழி விழுந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகறது, காம்பு புதுசா உள்ளே இழுத்துக்கறது, காம்புல இருந்து ரத்தம் கலந்த நீர். இதுல எது இருந்தாலும் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காதீங்க. நாளைக்கே போங்க. போன வருஷம் பரிசோதனை நல்லா இருந்துச்சுன்னாலும் போங்க.

தங்கைக்காகத் தொடங்கினவங்க

இப்படிப் பொதுமக்கள்கிட்ட காசு சேர்க்கறது புதுசு இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. பல வருஷம் போராடி, மக்கள்கிட்ட நிதி திரட்டி, 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கையோட தொடங்கினாங்க. அமெரிக்காவுல நான்சி பிரிங்கர்னு ஒருத்தர், 36 வயசு அக்காவை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1983இல் டல்லாஸ் நகரத்துல ஒரு ஓட்டம் நடத்தினாங்க. ஓடினவங்க 800 பேர். இன்னைக்கு எத்தனையோ நாடுகள்ல இப்படி ஓடறாங்க. ரெண்டு பேரும் வீட்டுத் துக்கத்தை ஊர் வேலையா மாத்தினவங்க.

இந்த வருஷப் பணம் எங்கே போகும்?

முகாமுக்கு மட்டும் போகாது. ஒரு பகுதியைத் தனியா எடுத்து வச்சிருக்கோம். மறு பரிசோதனைக்குப் போறவங்களுக்கு பஸ் செலவு, அன்றைய கூலி, கூடப் போக ஒரு பெண் தன்னார்வலர். சீட்டு வாங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒரு வாரத்துல ஒரு போன், போகலைன்னா நேர்ல ஒரு ஆள். இதனால இந்த வருஷம் படம் எடுக்கறவங்க எண்ணிக்கை போன வருஷத்தைவிடக் குறையும். குழுவுல இதுக்கு விவாதம் நடந்துச்சு. "நோட்டீஸ்ல போட எண்ணிக்கை குறையுமே"ன்னு ஒருத்தர் வருத்தப்பட்டாரு. குறையட்டும்ங்க. அடுத்த வருஷம் இதே மேடையில, எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்ல மாட்டோம். சீட்டு வாங்கினவங்கள்ல எத்தனை பேருக்கு 60 நாளுக்குள்ள முடிவு கைக்கு வந்துச்சுன்னு சொல்லுவோம். கேள்வி கேட்க நீங்க வரணும்.

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி

எல்லோர் கையிலயும் செல்போன் இருக்கு. இப்பவே நாலு வேலை செய்யுங்க.

ஒண்ணு, வீட்ல 30 வயசுக்கு மேல உள்ள பெண்கள் பேரை எழுதி, கடைசியா எப்ப பரிசோதனை செஞ்சாங்கன்னு பக்கத்துல குறிச்சுக்கங்க. செய்யலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக ஒரு நாளை முடிவு பண்ணி அலாரம் வையுங்க.

ரெண்டு, மருத்துவமனைச் சீட்டு எது வந்தாலும் போட்டோ எடுத்து, வீட்ல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்புங்க. உறைக்குள்ள மடிச்சு வச்ச சீட்டு ஞாபகப்படுத்தாது, போன் ஞாபகப்படுத்தும்.

மூணு, சந்தேகம் இருந்தா 104க்குக் கூப்பிடுங்க. அரசு மருத்துவ உதவி எண், கட்டணம் இல்லை.

நாலு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, நோய் வந்த பிறகு ஓடாம, இப்பவே எடுத்து வையுங்க. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேணும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம், அட்டையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துல பதிவு பண்ணலாம். விவரத்துக்கு 1800 425 3993, இதுவும் கட்டணம் இல்லாத எண்.

கடைசியா, ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. இன்னைக்கு நீங்க நிறையப் பேர் ஓடினீங்க, சந்தோஷம். ஆனா உங்க வீட்டுப் பெண்களுக்கு நீங்க செய்ய வேண்டியது இந்த 5 கிலோமீட்டர் இல்லை. "நல்லாத்தானே இருக்க"ங்கிற வார்த்தையைச் சொல்லாதீங்க. அதுக்குப் பதிலா, "என்னைக்குப் போகணும், நானும் வர்றேன்"னு கேளுங்க. அந்த ஒரு நாள் சமையலை நீங்க பாருங்க.

சாப்பாடு தயாரா இருக்குன்னு கை காட்டறாங்க. இட்லி ஆறிடும். அந்தப் பந்தல்ல முகாமுக்குப் பேர் பதியறாங்க. பேர் கொடுத்துட்டு அப்புறம் தட்டை எடுங்க.