நூரியைக் குறை சொல்வது சரியா?



மலாய் மொழியில் நூரி என்றால் கிளி. அந்த அழகான பெயர் கொண்ட ஹெலிகாப்டரைத்தான் சிலர் "பறக்கும் சவப்பெட்டி" என்றார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை.

1968-இல் அரச மலேசிய ஆகாயப் படையில் சேவைக்கு வந்தது நூரி. அமெரிக்காவின் சிகோர்ஸ்கி தயாரிப்பு. மொத்தம் 40 வாங்கினோம். இரண்டு என்ஜின், படகு போன்ற அடிப்பாகம். கடலில் நீர்மூழ்கியைத் தேடப் பிறந்த வடிவம். நம் நாட்டில் அது காட்டுக்கு வாழ்க்கைப்பட்டது!

சாலையே இல்லாத எல்லைக் காடுகளில், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நின்ற வீரர்களுக்கு அரிசியும் தோட்டாவும் கொண்டுபோனது நூரி. காயம்பட்டவர்களைத் தூக்கி வந்ததும் அதுவே. 1989 டிசம்பரில் ஹட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகாவது ஓய்வு கிடைத்ததா? இல்லை. வெள்ளம் வந்தால் நூரி. பூர்வக்குடி கிராமத்துக்கு மருந்து போக வேண்டுமா, அதற்கும் நூரி.

விபத்துகளை நான் மறைக்கவில்லை. 2007 ஜூலை 13-இல் கெந்திங் செம்பா அருகே விழுந்ததில் அதிலிருந்த ஆறு பேரும் மாண்டனர். அந்தக் குடும்பங்களிடம் போய் "நல்ல ஹெலிகாப்டர்" என்று நான் வாதாட முடியாது. ஆனால் மேகம் சட்டென்று மூடிக்கொள்ளும் மலைகளுக்கிடையே தாழப் பறப்பதுதானே அதற்கு நாம் கொடுத்த அன்றாட வேலை?

மாற்று ஹெலிகாப்டரை 2008-இல்தான் தேர்ந்தெடுத்தோம். 2012 முதல் வந்து சேர்ந்தவை 12 மட்டுமே. 40 வாங்கிய இடத்தில் 12! அதனால்தான் வயதான நூரியை ஆகாயப் படை 2019 வரை பறக்கவிட்டது. கேள்வியை அங்கே கேளுங்கள், நடுவர் அவர்களே.