பொறியின் ஓவியமும் மனிதத் தன்மையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக்கெனக் கழகம் கண்டு இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட இவ்வேளையில், நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கின்ற வினா ஒன்று உண்டு. "செயற்கை நுண்ணறிவு ஓவியம் தீட்டுகிறது, பாட்டுக் கட்டுகிறது. வரையவும் எழுதவும் நாங்கள் ஏன் கற்க வேண்டும்?" என்பதே அது. நெடுங்காலம் எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் நாம். எழுத்தைக் கைக்கொண்ட சில தலைமுறைக்குள்ளாகவே இவ்வினாவை எதிர்கொள்கின்றோம். ஆதலின் இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

பொறியின் ஆற்றலைக் குறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2018-இல் நியூயார்க் நகரில் கிறிஸ்டிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், கணிப்பொறியால் உருவான 'எட்மண்ட் டி பெலமி' என்னும் படம் 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பொருட்காட்சியில் இத்தகைய படமொன்று கணினிக் கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. 2023-இல் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலக ஒளிப்படப் போட்டியில் பரிசுக்குரியதான தம் படம் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஆனது என்று வெளிப்படுத்தி, அப்பரிசை ஏற்க மறுத்தார். படத்தை ஆக்கப் பொறியால் இயன்றது. பரிசை வேண்டாவென்று மறுக்க மனிதரே வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்துவோமாக.

பொறி எவ்வாறு வரைகிறது? இணையத்தில் உள்ள படங்களும் அவற்றிற்கு மனிதர் எழுதிய குறிப்புகளும் கோடிக்கணக்கில் திரட்டப்படுகின்றன. 2022-இல் வெளியான 'லயான் 5பி' என்னும் ஒரு திரட்டில் மட்டும் ஏறத்தாழ 585 கோடி இணைகள் இருந்தன. எச்சொல்லோடு எவ்வுருவம் மிகுதியாகச் சேர்ந்து வருகிறது என்பதைப் பொறி பழகிக்கொள்கிறது. நாம் சொல் கொடுத்ததும், வெறும் புள்ளிக் கலவையாகத் தொடங்கி, படிப்படியாகக் கலக்கம் நீக்கி, அச்சொல்லுக்குப் பொருந்தும் உருவத்தை வெளிக்கொணர்கிறது. சுருங்கச் சொன்னால், உலகம் ஒன்றைப் பற்றிப் பெரும்பாலும் எதைக் காட்டிற்றோ, அதனையே அது திருப்பிக் காட்ட முனைகிறது.

இங்குதான் நம் கவலை தொடங்குகிறது. 2025-இல் 'எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ' என்னும் அமெரிக்க இதழ், சோரா என்னும் படமாக்கும் பொறியை ஆராய்ந்தது. தலித் மக்களின் தொழிலைக் காட்டுமாறு கேட்டபோது, கறை படிந்த உடையோடு, கையில் துடைப்பம் ஏந்தியோ சாக்கடைக் குழிக்குள் இறங்கியோ நிற்கும் கருநிற மனிதரையே அது காட்டிற்று. நம்மில் ஆசிரியர் இல்லையா? மருத்துவர் இல்லையா? நீதிபதி இல்லையா? பொறிக்கு நம்மீது பகை இல்லை, அன்பும் இல்லை. நூற்றாண்டுகளாகப் பிறர் குவித்து வைத்த சொற்குவியலை அது ஓவியமாக்கித் தருகிறது, அவ்வளவே. பழைய இழிவு புதிய வண்ணம் பூசிக்கொண்டு வருகிறது.

இப்போது வரலாற்றை நோக்குவோம். 1893-இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஓர் இதழ் தொடங்கினார். ஊரார் வசையாக எறிந்த பெயரையே எடுத்து, 'பறையன்' என்று அவ்விதழின் முகப்பில் பொறித்தார். அந்நாளில் அப்பெயருக்கு உலகம் பெரும்பாலும் சொன்ன பொருள் இழிவு. அப்பொருளை மட்டுமே கற்ற ஒரு பொறி அன்று இருந்திருப்பின், அவ்விழிவையே மிக அழகாக எழுதித் தந்திருக்கும். சீனிவாசனாரோ அதே சொல்லை நிமிர்ந்து நிற்கும் சொல்லாக்கினார்.

பறை இசையும் இத்தகையதே. சாவு வீட்டில் கட்டாய ஊழியமாக அதனை அடிக்கமாட்டோம் என்று மறுத்தவர்களும் நம்மவரே. அதே பறையை விடுதலையின் கலையாக மேடையேற்றியவர்களும் நம்மவரே. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையின் ஒலியை இன்று பொறியும் எழுப்பும். ஆனால், 'இனி அடியேன்' என்ற உறுதியோ, 'இனி என் விருப்பத்தால் அடிப்பேன்' என்ற உறுதியோ அதனிடம் பிறப்பதில்லை. பட்டறிவிலிருந்து எழுந்து, விளைவைத் தன் தோளில் தாங்கும் அந்த முடிவே மனிதத் தன்மை என்று நாம் கருதுகின்றோம்.

எனவே இளைஞர்களே, பொறியைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதனை வழிபடவும் வேண்டா. அதன் நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்து, கருவியாகக் கொள்ளுங்கள். அது தரும் முதற்படத்தை அப்படியே ஏற்காது, 'இது யார் கண்ட காட்சி?' என்று வினவுங்கள். உங்கள் பெயரிட்டு வெளியிடும் படைப்பு எதுவாயினும், அதற்கு விடை சொல்லும் பொறுப்பு உங்களுடையது. யாவற்றிற்கும் மேலாக, நம் பாட்டிமார் நினைவில் உள்ள பாடல்களையும், நம் தெருக்களின் வரலாற்றையும், முதன்முதல் பள்ளிப்படி ஏறிய நம் முன்னோரின் முகங்களையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள், வரையுங்கள், படமெடுங்கள். நாம் பதியாத வாழ்வை எப்பொறியும் அறியாது. நம்மைப் பற்றிப் பிறர் பதிந்ததையே அது உண்மையென்று ஓதிக்கொண்டிருக்கும்.

பிறர் தீட்டிய படத்திற்குள் அடங்கியிருந்த காலம் போதும். நம் உருவத்தை நாமே தீட்டுவோம். கழகம் நமக்கு அளித்த கல்வியின் பயன் அதுவே.