‘முன்விரோதம்’ என்று தலைப்புப் போட்ட பிறகு

(இளம் பத்திரிகையாளர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வேலையை விட்டுவிட்டுத் தனியாக எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைத்த தோழர்கள் இதை ஒரு வீரச் செயலாக நினைத்திருப்பார்கள் போல. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடுவது என் வேலை. சேரிக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினால் ‘இரு தரப்பினர் மோதல்’. சாதிக்காகப் பிள்ளையைக் கொன்றால் ‘காதல் விவகாரம்’. அடித்தவன் ‘ஒரு பிரிவினர்’, அடிபட்டவனுக்கு மட்டும் சாதி உண்டு. இப்படி எழுது என்று யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அந்த மேசையில் ஆறு மாதம் உட்கார்ந்தால் கை தானாகப் பழகிவிடும். என் கையும் பழகியிருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள், தங்கள் தெரு வழியாக பைக் ஓட்டிப் போனான் என்பதற்காக நம் மாணவன் ஒருவனை அடித்த செய்தி வந்தது. நிருபர் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். ‘சாதிவெறித் தாக்குதல்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால் ‘முன்விரோதத்தில் மாணவர் மீது தாக்குதல்’. என்ன முன்விரோதம் சார் என்று கேட்டேன். “ரெண்டாயிரம் வருஷத்து முன்விரோதம்னு வச்சுக்கோங்களேன்” என்று சொல்லிச் சிரித்தார் மூத்தவர். மூன்று மாதம் கழித்து விலகினேன். மூன்று மாதம் எதற்கு என்றால், அம்மாவின் நகைக் கடனை அடைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிரிப்பு ஒருவருடைய குணம் மட்டுமல்ல. 1996-இல் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து, ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று ‘பயனீர்’ நாளிதழில் எழுதினார் பி.என்.உனியால். 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஓர் ஆய்வு வெளியிட்டன. செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. உனியால் தேடிய ஆள் 23 ஆண்டுகள் கழித்தும் அந்த நாற்காலிக்கு வந்து சேரவில்லை.

‘அப்படியானால் நாமே நடத்துவோம்’ என்பது புதிதல்ல. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920-இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் ‘கேசரி’. இவற்றைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இவர்கள் எதைச் சாப்பிட்டுக்கொண்டு எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பண்டிதர் சித்த வைத்தியர். சீனிவாசன் நீலகிரியில் வெள்ளையர் நிறுவனங்களில் கணக்கராக இருந்துவிட்டு வந்தவர். அம்பேத்கர் அப்போது சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். இதழின் ஆசிரியர் என்று அச்சான பெயர்கூட அவருடையதல்ல. சாகு மகாராஜா தந்த 2,500 ரூபாய் இல்லாமல் அந்த இதழ் இல்லை. இதழை நம்பி அடுப்பு எரியவில்லை என்பதால்தான் இதழில் யாருக்கும் பயப்படாமல் எழுத முடிந்தது.

என் கணக்கையும் சொல்கிறேன். ஒரு கட்டுரைக்கு வரவேண்டிய பணம் நான்கு மாதம் கழித்து, மூன்று தடவை நினைவூட்டிய பிறகு வரும். மொழிபெயர்ப்பு வேலைதான் வீட்டு வாடகை. சொந்தமாக ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். அங்கே என் தலைப்பை யாரும் மாற்ற முடியாது. அந்தச் சுகம் உண்மையானது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதுவும் என் பெயருக்குத்தான் வரும். காவல் நிலையத்தில் முதல் கேள்வி, “எந்தப் பேப்பர்?” அடிபட்ட அந்த மாணவனைப் பிறகு போய்ப் பார்த்து முழுதாக எழுதினேன். அவன் அம்மாவும் அதையேதான் கேட்டார்: “பேப்பர்ல வருமாப்பா?” போனில் காட்டினேன். அவருக்குத் திருப்தி இல்லை. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வாங்கி வைத்துக்கொண்டார்.

சொந்த வீடும் அப்பாவின் பென்ஷனும் இருப்பவர் ‘சுதந்திரமாக எழுதப் போகிறேன்’ என்று கிளம்புவதும், வீட்டில் முதல் சம்பளக்காரர் அப்படிக் கிளம்புவதும் ஒன்றல்ல. வேலையில் இருப்பவர்கள் ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளாமல் ராஜினாமா எழுதாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே ஒரு ‘மோதலை’த் ‘தாக்குதல்’ ஆக்க முடிந்தால், அதுவும் வேலைதான்.

கடைசியாக, இங்கே இருக்கும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் இயக்க இதழ்களும் எழுதுகிறவருக்குப் பணம் தருவதில்லை. அச்சகத்துக்குத் தருகிறோம், மைக் செட்டுக்குத் தருகிறோம். எழுதுகிறவர் மட்டும் ‘நம்ம தோழர்தானே’. இருநூறு பேர் மாதம் 50 ரூபாய் தந்தால் பத்தாயிரம். ஒரு மாவட்டத்தில் ஒரு நிருபர் பஸ்ஸுக்குக் கடன் வாங்காமல் சம்பவ இடத்துக்குப் போய்வரலாம். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பெயர் எழுத ஆரம்பிக்கலாம்.