பழைய தோற்றமும் பழுதற்ற உறுப்பும்

துவிச்சக்கர வண்டிக்குச் சிறு யந்திரம் பூட்டி ஓட்டும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1939ஆம் ஆண்டிலேயே 'விஸ்ஸர்' என்னும் யந்திரம் இதற்கெனச் செய்யப்பட்டது. 1946இல் யப்பானில் சொயிச்சிரோ ஹொண்டா என்பார், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் அளித்த சிறு யந்திரங்களை வாங்கித் துவிச்சக்கர வண்டிகளிற் பூட்டி விற்றார். அதே காலத்தில் இத்தாலியில் 48 கன சென்றிமீற்றர் கொண்ட யந்திரமொன்று தோன்றியது. அதன் ஓசை கருதி 'நாய்க்குட்டி' எனப் பொருள்படும் 'குச்சியோலோ' என்ற பெயர் அதற்கு வழங்கிற்று.

அந்த வண்டிகளின் காலம் கடந்துவிட்டது. அவற்றின் மீதுள்ள ஆசை கடந்துவிடவில்லை. அமெரிக்காவிலே இன்று பலர், மரப்பலகைப் பாதைகளில் ஓடிய பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களின் சாயலில் வண்டிகளைத் தம் கையாலேயே அமைத்து வருகின்றனர். தாழ்ந்த கைபிடி, நீண்ட பெற்றோல் தாங்கி, அகன்ற ரயர் என்பன அவற்றின் அழகு. ஆனால், ஓட்டுபவரின் உயிரைக் காப்பது அந்த அழகன்று. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சில உறுப்புகளே.

கால் மிதித்து மணிக்கு 15 மைல் வேகத்திற் செல்லும் வண்டி, யந்திரத்தின் உதவியால் 30 மைல் வேகத்தை அடைகின்றதெனக் கொள்வோம். வேகம் இரு மடங்காகும்போது, வண்டியை நிறுத்தத் தணிக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகின்றது. ஆகவே, யந்திரத்தைத் தெரிவதற்கு முன் பிறேக்கைத் தெரிதல் வேண்டும். பழைய பந்தய வண்டிகளுக்குப் பிறேக் இருந்ததில்லை. அவை எதிரே வருவோரற்ற வட்டப் பாதையில் ஓடியவை. தெருவில் ஓடும் வண்டிக்கு அவ்வழக்கம் பொருந்தாது. மிதிப்பைப் பின்னோக்கி அழுத்தும் பிறேக் ஒன்றை மட்டும் நம்புதலும் தகாது. மிதிக்கும் சங்கிலி கழன்றால் அந்தப் பிறேக்கும் இல்லாது போகும். முன் சில்லுக்கு உறுதியான பிறேக் ஒன்று தனியே வேண்டும்.

அடுத்தது பின் சில்லு. மலிவான யந்திரத் தொகுதிகளிலே, யந்திரச் சங்கிலி ஓடும் பற்சில்லை இறப்பர் வட்டங்களுக்கிடையே வைத்துச் சில்லின் கம்பிகளோடு சேர்த்து இறுக்குவர். யந்திரத்தின் இழுப்பு முழுவதும் அக்கம்பிகளின் மீதே விழுவதால், நாளடைவில் அவை முறியக்கூடும். பற்சில்லைச் சில்லின் குடத்தோடு நேரே பிணைக்கும் இணைப்பே மேலானது. 2 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 2.6 மில்லிமீற்றர் தடித்த கம்பிகள் கொண்ட சில்லைத் தேர்தலும் நன்று. எந்த முறையிலாயினும் பற்சில்லு நடுநிலை பிசகாது சுழலவேண்டும். பிசகினால் சங்கிலி ஒருகால் இறுகும், ஒருகால் தளரும்.

சங்கிலியை இறுக்கும் சிறு உருளையே எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது. சட்டகக் குழாயிற் கவ்வப்பட்ட அவ்வுறுப்பு அதிர்ச்சியால் நழுவித் திரும்பினால், சில்லின் கம்பிகளுக்குள் நுழைந்துவிடும். ஓடும் சில்லு அக்கணமே பூட்டப்பட்டுவிடும். இயலுமாயின், பின் சில்லைப் பின்னோக்கி நகர்த்தியும் சங்கிலியின் கண்ணிகளைக் கூட்டியோ குறைத்தோ அளவு பார்த்தும், அவ்வுருளை இல்லாமலே வண்டியை அமைத்தல் சிறந்தது.

இவற்றின் பின்னரே யந்திரம். பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஓட்டும் ஈரடிப்பு யந்திரம் விலை குறைந்தது, பாரமும் குறைந்தது. ஆயினும் அதன் அதிர்ச்சி பெரிது. நான்கடிப்பு யந்திரம் பாரமும் விலையும் மிக்கது. ஆனால் எண்ணெய் கலக்கும் வேலை அதற்கில்லை. எதுவாயினும், தொகுதியுடன் வரும் மெல்லிய போல்ற்றுகளை நீக்கி, உரம் வாய்ந்தவற்றை இடுதல் அவசியம். முதற் சில பயணங்களின் பின் ஒவ்வொரு போல்ற்றையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கவும் வேண்டும். சாயலுக்காக உண்மையான பழைய சட்டகத்தை நாடுவோர், அதன் பொருத்துகளில் வெடிப்பும் துருவும் உண்டோ என முதலில் ஆராய்தல் வேண்டும்.

கையிலுள்ள பணத்தைத் தாங்கிக்கும் வர்ணத்துக்கும் முதலிற் செலவிட்டு, எஞ்சியதைப் பிறேக்குக்கு ஒதுக்குவதே பலர் செய்வது. அந்த வரிசையைத் தலைகீழாக்குபவரே நெடுநாள் வண்டியோட்டுவர். வர்ணம் பூசுதல் அடுத்த மாதம் வரை பொறுக்கும், பிறேக் பொறுக்காது.