இயந்திரம் வாங்கினால் போதுமா?



பினாங்குக்குப் போகும் தோட்டத்து மக்கள் லிட்டில் இந்தியாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கடைத்தெருவில் சேலையும் மளிகைச் சாமானும் வாங்குகிறோம். குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் கும்பிடுகிறோம். போகும் வழியில் மருத்துவ நிதிக்கென்று உண்டியல் கண்டால் மீதிச் சில்லறையைப் போடுகிறோம். அந்தக் காசு என்ன ஆகிறது? நோயாளியிடம் அது எப்படிப் போய்ச் சேருகிறது? இதைத்தான் இன்று நாம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

லிட்டில் இந்தியாவிலிருந்து சற்று நேரம் நடந்தால் முன்ட்ரி தெரு வரும். சீனர்கள் இத்தெருவை ஒரு மருத்துவமனையின் பெயரால் அழைத்து வந்தார்கள். அதுதான் லாம் வா ஈ மருத்துவமனை. 1883-ஆம் ஆண்டில் சீன வணிகர் சிலர் ஒன்றுகூடி, ஏழை எளியவருக்கு இலவசமாகச் சீன வைத்தியம் செய்வதற்காக அதைத் தொடங்கினார்கள். ஊரார் கொடுத்த நன்கொடையில் அது வளர்ந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1980-களில், பத்து லாஞ்சாங்கில் பெரிய நவீன மருத்துவமனையாக எழுந்தது. இன்றும் அது லாப நோக்கமின்றியே நடைபெறுகிறது. ஒரு தலைமுறை கொடுத்த பணம் மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு உதவியதற்கு இது ஒரு சான்று.

ஆனால், மருத்துவமனைக்குக் கொடுப்பது என்றால் நம் கண்முன் வருவது என்ன? பளபளக்கும் ஓர் இயந்திரம். அதன்மேல் கொடுத்தவர் பெயர். இயந்திரம் தேவைதான். அது மட்டும் போதுமா?

இரத்தச் சுத்திகரிப்பை, அதாவது டயாலிசிஸ் சிகிச்சையை, எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவருக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள். ஆண்டுக்கு இது 156 முறை. அந்த இயந்திரம் நிமிடத்திற்கு அரை லிட்டர் நீரை வாங்குகிறது. நான்கு மணி நேரத்திற்கு 120 லிட்டர். அதுவும் குழாய்த் தண்ணீர் அல்ல, தனிக் கருவியில் வடித்துத் தூய்மைப்படுத்திய நீர். இதோடு வடிகட்டி, குழாய்கள், மருந்து, மின்சாரம், பயிற்சி பெற்ற தாதியர், பழுது பார்ப்பவர் எல்லாம் வேண்டும். இயந்திரத்திற்குப் பல்லாயிரம் வெள்ளி. அதை ஒரு முறை கொடுத்தால் போதும். மற்றச் செலவோ ஒவ்வொரு நாளும் வரும்.

ஓர் இயந்திரம் காலையில் ஒருவருக்கும் பிற்பகலில் ஒருவருக்கும் என்று வாரத்தில் ஆறு நாள் ஓடினால் நான்கு பேர் உயிர் வாழலாம். தாதி இல்லை, வடிகட்டி இல்லை என்று அது மூலையில் நின்றால் ஒருவருக்கும் பயனில்லை. வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு எண்ணெய்க்குக் காசு கொடுக்காவிட்டால் வண்டி ஓடுமா?

இதை அறிந்தே 2001-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அறநிறுவனங்கள் நடத்தும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கருவி வாங்க ஒரு மானியம் கொடுத்தது. அதோடு நிற்காமல், ஏழை நோயாளிக்குச் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் 50 வெள்ளி கொடுக்க முன்வந்தது. ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு 7,800 வெள்ளி. அதுவும் முழுச் செலவுக்குக் காணாது. மிச்சத்தை நிரப்புவது பொதுமக்களின் நன்கொடையே. பினாங்கில் 1997-ஆம் ஆண்டிலேயே இலவசச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கிய சூ சி அறநிறுவனமும், 1969-இல் அமைந்த தேசிய சிறுநீரக அறநிறுவனமும் இப்படிப் பலர் கைகொடுத்து நடப்பவைதாம்.

நம் பாட்டன் பாட்டிமார் பலர் கப்பலேறி வந்த வட ஆற்காட்டுச் சீமையிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். அமெரிக்க வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் எழுந்த கட்டடம் அது. கட்டடம் வந்தது, வேலை செய்யக் கைகள் வேண்டுமே? 1909-இல் தாதியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே தொடங்கின. ஆளைப் பழக்கியதால்தான் அந்த மருத்துவமனை இன்றும் நிலைத்து நிற்கிறது.

இன்னொரு செலவும் உண்டு. நோய் வருமுன் தடுக்கும் செலவு அது. நம் நாட்டில் புதிதாகச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர் நோய். அறநிறுவனங்கள் பரிசோதனை முகாம் நடத்தும்போது இரத்தம், சிறுநீர், இரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெடுவது தொடக்கத்தில் வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கும்போது காலம் கடந்திருக்கும்.

முன்பு தோட்டத்திலேயே மருந்து கொடுக்க ஒரு டிரெசர் இருந்தார். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. உதவி நம்மைத் தேடி வருவதில்லை, நாம்தான் தேடிப் போகவேண்டும். பஸ் காசு இல்லையென்று வாரத்தில் மூன்று முறை போகவேண்டியவர் இரண்டு முறை போனால், உடம்பில் நீரும் நஞ்சும் சேர்ந்து உயிருக்கே ஆபத்து. ஆகவே, பணக் கஷ்டம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். சுகாதார அமைச்சு 2005-இல் அமைத்த மருத்துவ உதவி நிதிக்கும், அறநிறுவனங்களின் உதவிக்கும் வழிகாட்டுவது அவர் வேலை. சொக்சோ சந்தா கட்டியவர்கள் சொக்சோ அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவர் கடிதம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்திற்கு வாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் எழுதித் தருகிறோம்.

கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. இன்று கேட்பவர் நேற்று கொடுத்தவராக இருக்கலாம். அவர் பிள்ளை நாளை கொடுப்பவராக வரலாம்.

கொடுக்கும்போதும் சற்று யோசித்துக் கொடுப்போம். பதிவு பெற்ற சங்கமா என்று பார்ப்போம், ரசீது வாங்குவோம். திருமணத்திலோ திதியிலோ மருத்துவமனைக்குக் கொடுக்க நினைத்தால், "உங்களுக்கு எது குறைவாக இருக்கிறது?" என்று அவர்களையே கேட்போம். வடிகட்டி என்பார்கள், தாதி சம்பளம் என்பார்கள், நோயாளியின் பஸ் காசு என்பார்கள். அதில் நம் பெயர் பொறித்திருக்காது. ஆனாலும் இயந்திரத்தை நாள்தோறும் ஓடவைப்பது அந்தப் பணந்தான்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பார்கள். வெள்ளம் ஒரு நாள் வந்து வடிந்துவிடும். நோயாளிக்கு வேண்டியது ஊற்று. மாதம் ஐந்து வெள்ளியானாலும் விடாமல் கொடுப்போம்.