வீட்டார் கேட்காத பாட்டு



பட்டம் வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, நம் திருவண்ணாமலையில் தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுவதை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். போகும்போது மேளதாளம் எல்லாம் உண்டு. அங்கே வைத்துத்தான் வல்லாள மகாராஜா இறந்துபோன சேதி சுவாமிக்குச் சொல்லப்படுகிறது. திரும்பி வரும்போது மேளம் கிடையாது. பிறகு மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாபட்டுக்குப் போய், ஆற்றங்கரையில், அந்த ராஜாவுக்கு மகன் ஸ்தானத்தில் நின்று திதி கொடுக்கிறார். ராஜாவுக்குப் பிள்ளை இல்லை, இறைவனே பிள்ளையாக வந்தார் என்கிறது தலபுராணம். ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளர் 1340-களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு மாண்டார் என்கிறது வரலாறு. அவருக்கு ஒரு மகன் இருந்து பட்டத்துக்கு வந்ததாகவும் வரலாற்று நூல்களில் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ரத்த உறவே இல்லாத ஒருவருக்காக, வருஷம் தவறாமல், தேதி மறக்காமல், கடன் செய்கிற ஊரில் நாம் பிறந்திருக்கிறோம். அதை நினைவில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்து, இன்று உயிரோடு இல்லாதவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நல்ல நாளில் எதற்கு இந்தப் பேச்சு என்று பெரியவர்கள் சிலருக்குத் தோன்றும். நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைக்கிறோம். வீட்டில் சுமங்கலியாகப் போய்ச்சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டு, புடவை வைத்து, பூ வைத்து, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் மற்ற காரியம். நல்ல நாளில் இறந்தவர்களைக் கூப்பிடுவது நமக்குப் புதிதல்ல. வீட்டு ஆட்களை மட்டும் கூப்பிடுகிறோம், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனைக் கூப்பிடுவதில்லை. அந்த ஒன்றுதான் என் மனத்தை உறுத்துகிறது.

நீங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றவர்கள். கொரோனா காலத்துப் பிள்ளைகள். அந்த இரண்டு வருஷத்தில் எந்த வீட்டில் யார் போனார்கள் என்பதே பல பேருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சாவு வீட்டுக்குப் போக முடியவில்லை, மாலை போட முடியவில்லை. பள்ளி திறந்தபோது சில இடங்கள் காலியாக இருந்தன, அவ்வளவுதான். அதன்பிறகு 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டது. இறந்தவர்கள் ஏழு பேர், அதில் ஐந்து பேர் பிள்ளைகள். அந்த வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி மலைமேல் மகாதீபம் ஏற்றினார்கள், ஆனால் பக்தர்களை மலையேற விடவில்லை. இவ்வளவும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று யாராவது கேட்டோமா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு சிறுமிக்கு, தன் தோழியைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கும்! அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. நாமும் கேட்க மாட்டோம். கொஞ்ச நாளில் அவளும் மறந்துவிடுவாள்.

என் வகுப்புக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய், பிளஸ் டூ வந்தது 1978-இல். அதில் முதல் செட் நாங்கள். அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் அல்ல, வட ஆற்காட்டில் ஓர் ஊர். ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து படித்தோம். எங்கள் வகுப்பில் பலர் இன்று இல்லை. பெயர்களை நான் இந்த மேடையில் சொல்லப்போவதில்லை. குடும்பங்கள் இந்த ஊரிலேயே இருக்கின்றன, அவர்களைக் கேட்காமல் மைக்கில் சொல்வது முறையல்ல.

அவர்களில் ஒருவன் தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரன். படிப்பு முடிந்து லாரி பட்டறையில் வேலைக்குப் போனவன், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சாலை விபத்தில் போய்விட்டான். சாவுக்கு நாங்கள் சிலர் போனோம், வாய்க்கரிசி போட்டோம், திரும்பி வந்தோம். பிறகு அவரவர் வேலை, அவரவர் குடும்பம். வெகு காலம் கழித்து, வேறொரு நண்பன் வீட்டுக் காதுகுத்துக்கு அந்தக் கிராமத்துக்குப் போனவர்கள், வந்தது வந்தோம் என்று அவன் வீட்டுக்கும் போனோம். அவன் அம்மா திண்ணையில் மணிலாக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று சொன்னதும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்கள்.

பேச்சுவாக்கில் ஒருவன் சொன்னான்: “அவன் நல்லா பாடுவாம்மா. வாத்தியார் வராத பீரியட்ல அவன் பாட்டுத்தான் எங்களுக்கு.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார்கள். “பாடுவானா? ஊட்ல ஒரு நாளும் பாடி நான் கேட்டதில்லியே கண்ணு.”

வீட்டில் அப்பாவுக்குப் பயந்து வாய் திறக்காத பையன் அவன். எங்களுக்கு அது தெரியாது. அவன் பாடுவான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த அம்மா விடவில்லை. என்ன பாட்டு, எந்தப் படத்துப் பாட்டு, நின்றுகொண்டு பாடுவானா உட்கார்ந்தா, கையில் தாளம் போடுவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பெஞ்சின் ஓரத்தில் இரண்டு விரலால் தட்டுவான் என்று ஒருவன் தட்டிக் காட்டினான். கடைசியில், அந்தப் பாட்டை எங்களில் ஒருவர் பாடிக் காட்ட வேண்டும் என்றார்கள். எங்களில் யாருக்கும் குரல் கிடையாது. இருந்தாலும் பாடினோம். அடுப்படியிலிருந்து மருமகளைக் கூப்பிட்டு, “வந்து கேளு, உன் மச்சினன் பாடுன பாட்டாம்” என்றார்கள்.

மகன் போய் அத்தனை வருஷம் ஆன பிறகு, மகனைப் பற்றி ஒரு புதுச்சேதி அந்த வீட்டுக்கு வந்தது. அதை வைத்திருந்தவர்கள் நாங்கள். கையிலேயே வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டியது என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறோம். அவன் அப்பா அதற்குள் இறந்திருந்தார். அவர் கேட்கவே இல்லை.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒருவனுடைய வாழ்க்கையில் வீட்டார் பார்க்காத ஒரு பாதி பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. அந்தப் பாதிக்கு சாட்சி நீங்கள் மட்டும்தான். அவன் இறந்துவிட்டால் அது உங்களிடம் தங்கிப்போன அவன் வீட்டுச் சொத்து.

இந்த ஊருக்கு 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்து சேர்ந்த ஒரு மதுரைப் பள்ளி மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ரமண மகரிஷி. அவருடைய பள்ளிப் பருவம் பற்றி நமக்குத் தெரிந்ததில் தோழர்களுக்கு ஒரு பங்கு உண்டு. விளையாட்டில் அவர் சேர்ந்த கட்சி ஜெயிக்கும் என்பதால் ‘தங்கக்கை’ என்ற பேர். தூங்கினால் அசையமாட்டார் என்பதால், பகலில் அவரிடம் மோத முடியாத பையன்கள் இரவில் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு மறுபடி கொண்டுவந்து படுக்க வைப்பார்களாம். மறுநாள் அவர்கள் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அவருடைய வாழ்க்கையில் அவருக்கே தெரியாமல் நடந்ததைத் தோழர்கள் வைத்திருந்தார்கள்! விளாச்சேரி ரங்கய்யர் என்ற பள்ளித் தோழர் பிற்பாடு இங்கே வந்து அவரைப் பார்த்துப் பழகியதும் பதிவாகியிருக்கிறது. மகான் என்று ஊரே கும்பிட்டவரை, கூடப் படித்தவன் என்ற உரிமையோடு பார்க்க முடிந்தவர் அவர்.

சரி, எதை நினைவில் வைப்பது, எப்படிச் சொல்வது? இதற்கும் நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை படியெடுத்து, இரா. நாகசாமி பதிப்பில் 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமாகக் கொண்டுவந்தது. எடுத்தனூர்க் கல் அந்த வகையில் பேர்போனது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு என்று கல்லிலேயே இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப்போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. கல்லில் அவன் வில்லோடு நிற்கிறான், பின்னால் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்து அவன் பக்கத்திலேயே காத்திருந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட விடவில்லை. அவன் நல்லவன், வல்லவன், எல்லோரிடமும் அன்பாகப் பழகினவன் என்று ஒரு சொல் கிடையாது. எருமை, நாய், கள்ளர் இரண்டு பேர். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அவன் ஓர் ஆளாக நம் கண்முன் நிற்கிறான்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் குழுவை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இறந்த சேதி வந்ததும் பத்து நிமிஷத்தில் ‘ஆழ்ந்த இரங்கல்’ வரிசையாக வருகிறது, கூப்பிய கைகள் வருகின்றன. எங்கள் குழுவிலும் அப்படித்தான். துக்கம் பொய்யில்லை, போடட்டும். ஆனால் அதோடு சேர்த்து, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு காரியத்தை எழுதுங்கள். இறந்துபோன தோழி மழைநாளில் யாருக்குக் குடை கொடுத்துவிட்டு நனைந்து போனாள், எந்தக் கணக்கு அவளுக்கு வரவே வராது, யாரோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள். சண்டையையும் எழுதுங்கள். செத்தவரைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டால், கடைசியில் ஆளே இருக்க மாட்டார்.

ஒன்றைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவன் தேர்வு முடிவு வந்த சமயத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் பேச்சை எடுத்தால் எல்லோரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசினோம், பிறகு அதையும் பேசாமல் விட்டோம். பதினேழு வருஷம் வாழ்ந்தவன் அவன். கிரிவலப் பாதையில் எந்தப் புளியமரத்தில் எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று அவனைக் கேட்டால் தெரியும். செண்பகத்தின் குரலை அப்படியே எழுப்புவான். அந்தப் பதினேழு வருஷத்தை ஒரு நாளுக்கு விட்டுக்கொடுப்பது நியாயமே இல்லை. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு தோழனோ தோழியோ இருந்திருந்தால், அவர்கள் வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். ஊர் வாய்க்குப் பயந்து அந்த வீடுகளில் போட்டோகூட மாட்டாமல் இருப்பார்கள். அங்கே போய் அவர்களுடைய சிரிப்பைப் பற்றிப் பேசுகிற முதல் ஆள் நீங்களாக இருப்பீர்கள். உங்களில் யாருக்காவது இப்போதே மனம் பாரமாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இன்னோர் ஊரையும் நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் பெற்றோர்கள் கூடிப் படங்களுக்குப் பூ வைத்து விளக்கேற்றுகிறார்கள். அன்று பிழைத்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயதை ஒட்டி இருக்கும். ஒரு தாய், இருந்திருந்தால் என் பிள்ளைக்கும் இந்த வயதுதானே என்று அவர்களைப் பார்த்து எண்ணுவாள். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போவதும் மனித சுபாவம்தான். ஒதுங்காமல் பக்கத்தில் போய் நின்று, “அம்மா, நானும் அவனும் ஒரே ஸ்லேட்டில் எழுதினோம்” என்று சொல்ல ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய காரியம்!

நாங்கள் இப்போது ஒரு லாங் சைஸ் நோட்டுப் போட்டிருக்கிறோம். எங்கள் வகுப்புப் போட்டோவில் நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள் என்று இடமிருந்து வலமாக எல்லாப் பெயரும் அட்டையில் அச்சாகியிருக்கிறது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் நான்கு பக்கம். யாருக்கு எது ஞாபகம் வருகிறதோ எழுதுகிறோம். ஒருவன் எழுதியதை இன்னொருவன் மறுக்கிறான், அது நீ இல்லை நான் என்கிறான். அதையும் அப்படியே விட்டிருக்கிறோம். நாங்கள் ஆரம்பித்தது தாமதம். பலருடைய பெற்றோர்கள் போய்விட்டார்கள், படிக்க ஆளில்லாத பக்கங்கள் நிறைய. உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. உங்கள் தோழர்களின் அம்மா அப்பா, தாத்தா பாட்டிகூட, இன்னும் இருக்கிறார்கள். செங்கத்திலும் போளூரிலும் கீழ்பென்னாத்தூரிலும், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் வேலை தேடி சென்னைக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கிளம்பிவிடுவீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள். தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு பேராகப் போங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். போட்டோ இருந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள், செல்போனில் காட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள். அவர்கள் அழுதால் பேச்சை மாற்ற வேண்டாம். சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பட்டம் பெறும் உங்கள் எல்லோருக்கும், உங்களைப் படிக்க வைத்த பெற்றோர்களுக்கும் என் வாழ்த்துகள்.