வலை கட்டிய பிறகே ஊஞ்சல்

(மாதவரத்தில் நடைபெற்ற கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



போன மாதம் வேலையிடத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசினோம். சாரத்தில் ஏறிச் செங்கல் சுமப்பவர்கள், குடோனில் மூட்டை அடுக்குகிறவர்கள் எல்லாம் அனுபவத்தைச் சொன்னீர்கள். அப்போது ஒரு அக்கா, "நாம பத்தடி ஏறினாலே கை கால் நடுங்குது. சர்க்கஸ்ல அந்தரத்துல தாவுற பொண்ணுங்க எப்படிங்க பயமில்லாம தாவுறாங்க? அவங்க கதையைச் சொல்லுங்க" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்காகத் தேடிப் படித்ததில் நமக்கும் உதவுகிற செய்திகள் கிடைத்தன. அவற்றை இன்று பகிர்ந்துகொள்கிறோம்.

பயமில்லாமலா தாவுகிறார்கள்?

சர்க்கஸ் கூடாரத்துக்குள் போகாதவர்கள்கூட 1966-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'பறக்கும் பாவை' படத்திலாவது இந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நாம் பார் விளையாட்டு என்கிறோம், அவர்கள் டிரபீஸ் என்கிறார்கள். 1859-ல் பாரிஸ் நகரில் ஜூல்ஸ் லியோடார் என்ற இளைஞர்தான் ஒரு பாரை விட்டு இன்னொரு பாருக்குத் தாவும் ஆட்டத்தை முதலில் மேடையேற்றினார். 1897-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் லீனா ஜோர்டன் என்ற பெண் காற்றிலேயே மூன்று குட்டிக்கரணம் அடித்து, மறுபக்கம் தொங்கியவரின் கையைப் பிடித்தார். உலகில் அதை முதலில் செய்தவர் ஒரு பெண் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இது எப்படி நடக்கிறது? சின்ன வயசில் வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கிறோம். ஊஞ்சல் உச்சிக்குப் போனதும், இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் நின்ற மாதிரி இருக்கும், வயிறு லேசாகும், இல்லையா? அந்தக் கணத்தில்தான் அவர்கள் கையை விடுகிறார்கள். எதிர்ப்பக்கம் இன்னொருவர் பாரில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அதே கணத்தில் கை நீட்டியபடி வந்து சேர வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கை எட்டாது.

பிடிக்கும்போது விரலை விரல் பிடிப்பதில்லை. இவர் மணிக்கட்டை அவரும், அவர் மணிக்கட்டை இவரும் பிடிக்கிறார்கள். ஒரு பிடி நழுவினாலும் மற்றது தாங்கும். உள்ளங்கை வியர்த்தால் வழுக்கும் என்று வெள்ளைப் பொடி பூசிக்கொள்கிறார்கள். கீழே வலை. பழக வருகிறவர்களுக்கு, தாவுவதற்கு முன்னாலேயே, விழக் கற்றுக் கொடுக்கிறார்கள். வலையில் முதுகு பட விழ வேண்டும். காலை ஊன்றினால் மூட்டு போகும், குப்புற விழுந்தால் கழுத்து போகும்.

ஆக, அந்தப் பெண்களுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். பயத்துக்கு வேண்டிய ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

ஏற்பாடு தவறினால் எவ்வளவு பெரிய திறமையும் காப்பாற்றாது. லில்லியன் லெய்ட்சல் என்ற பெண் அந்தக் காலத்தில் உலகமே கொண்டாடிய அந்தரக் கலைஞர். வலை இல்லாமலே ஆடுவார். 1931 பிப்ரவரி 13-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ஆடிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து, இரண்டு நாளில் இறந்தார். அவர் கை வழுக்கவில்லை. மேலே மாட்டியிருந்த உலோக வளையம் தேய்ந்து ஒடிந்துவிட்டது. விபத்து நடந்தால் "அவ கவனமா இருந்திருக்கணும்" என்று வேலை செய்தவள் மேலேயே பழி போடுகிறோமே, அப்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாயிரம் ரூபாயில் ஒரு கம்பெனி

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் சர்க்கஸை விஷ்ணுபந்த் சத்ரே என்பவர் 1880 மார்ச் 20 அன்று பம்பாயில் நடத்தினார். அவர் குதிரை ஏறினார். அந்தரத்தில் ஊஞ்சல் ஆடியது அவர் மனைவி. முதல் நாளிலிருந்தே இந்த வேலையில் பெண் இருந்திருக்கிறார்.

பிறகு சர்க்கஸுக்குத் தாய்வீடு ஆனது கேரளாவின் தலச்சேரி. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1901-ல் அங்கே சிறக்கரை என்ற இடத்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவரிடம் கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களும் நாடு முழுவதும் கூடாரங்களில் ஆடினார்கள்.

அவர்களில் ஒருவர் எம்.வி. சங்கரன். 1924-ல் தலச்சேரி பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதில் சர்க்கஸ் பார்த்து மயங்கி, கீலேரியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்குப் போனார். போர் முடிந்து ஊர் திரும்பி மறுபடி பயிற்சி எடுத்துக்கொண்டு, 1946-ல் கல்கத்தாவில் பாஸ்லயன் சர்க்கஸில் டிரபீஸ் கலைஞராகச் சேர்ந்தார். வேறு சில கம்பெனிகளிலும் ஆடினார்.

1951-ல் விஜயா சர்க்கஸ் என்ற நொடித்துப்போன கம்பெனி விலைக்கு வந்தது. விலை 6,000 ரூபாய். சங்கரனும் அவர் நண்பர் சகாதேவனும் சேர்ந்து அதை வாங்கினார்கள். தன் ராசியான மிதுனத்தை ஆங்கிலத்தில் சொல்லி 'ஜெமினி சர்க்கஸ்' என்று பெயர் வைத்தார். நம் சென்னையின் ஜெமினி பாலம் சினிமா ஸ்டூடியோவால் வந்த பெயர், அது வேறு. ஜெமினி சர்க்கஸின் முதல் காட்சி 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் உள்ள பிலிமோராவில் நடந்தது. 1977-ல் ஜம்போ சர்க்கஸையும் தொடங்கினார். 2023 ஏப்ரலில், தமது 99-வது வயதில் கண்ணூரில் காலமானார்.

இதைக் குழுக்காரர்கள் கவனிக்க வேண்டும். தொழில் தெரிந்தவர், நம்பிக்கையான கூட்டாளி, கையில் இருந்த அளவான பணம். தெரியாத தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் ஏன் ஆயிரம் கேள்வி கேட்கிறோம் என்று இப்போது புரிந்திருக்கும்.

பறந்த பெண்கள் எங்கே?

சங்கரன் பெயர் நமக்குக் கிடைக்கிறது. ஆனால் கூடாரம் கூடாரமாகப் பறந்த பெண்களின் பெயரைத் தேடினால் சிலர் பெயர்தான் கிடைக்கிறது. சத்ரேயின் மனைவியைக்கூடப் பெரும்பாலும் 'மனைவி' என்றுதான் எழுதுகிறார்கள். தலச்சேரி, கண்ணூர் பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்களே நெடுநாள் இந்தக் கூடாரங்களைத் தாங்கினார்கள். காலையில் பயிற்சி, பிறகு தினமும் இரண்டு மூன்று காட்சி, ஊர் மாறினால் மூட்டை முடிச்சோடு பயணம். உடம்பு வளைகிற வரைக்கும்தான் சம்பளம். வயது ஏறினால், மூட்டு தேய்ந்தால், ஊஞ்சலை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கேரள அரசு ஓய்வு பெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு மாத ஓய்வூதியம் கொடுக்கிறது. அந்த நிலைக்கு வரவே அவர்கள் வெகுகாலம் காத்திருந்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சர்க்கஸ் கம்பெனிகள் கூடாரம் போட்ட இடத்திலேயே மாட்டிக்கொண்டன. நம் மன்னார்குடியிலும் ஒரு கம்பெனி அப்படி நின்றது. காட்சி இல்லை என்றால் டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லை என்றால் உலை இல்லை. நம் வீடுகளும் அப்போது எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் நேபாளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சின்னப் பெண் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். தரகர் வருவார். "சாப்பாடு உண்டு, சம்பளம் உண்டு, பேர் கிடைக்கும்" என்பார். பல வருட ஒப்பந்தத்தில் பெற்றோரிடம் கைநாட்டு வாங்குவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர்கள் அவர்கள். இதை எதிர்த்து 2006-ல் வழக்குப் போடப்பட்டு, 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய வேண்டும், இருக்கிறவர்களை மீட்க வேண்டும் என்றது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோதும், குழந்தைகள் கலைஞராக நடிக்க அனுமதிக்கும் பிரிவில் 'சர்க்கஸ் நீங்கலாக' என்று தெளிவாக எழுதினார்கள்.

நம் ஊருக்குச் சர்க்கஸ் தரகர் வராமல் இருக்கலாம். ஆனால் "மூணு வருஷம் மில்லுல இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமா பணம்" என்று நம் மாநிலத்தில் எத்தனை பெண்களை அழைத்துப்போனார்கள்! பேச்சு ஒன்றுதான், கூடாரம்தான் வேறு. யாராவது பெண் குழந்தையை வேலைக்குக் கேட்டு வந்தால், படிக்காமல் எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள். குழுவில் சொல்லுங்கள், 1098 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

நம் வலை

மாதவரத்தைச் சுற்றி நம் உறுப்பினர்கள் கட்டட வேலை செய்கிறீர்கள், வீட்டு வேலை செய்கிறீர்கள், தையல் தைக்கிறீர்கள், லாரி வந்து நிற்கிற குடோன்களில் பேக்கிங் பண்ணுகிறீர்கள். எல்லாமே உடம்பை வைத்துச் செய்கிற வேலை. அந்தப் பெண்களைப் போல, உடம்பு தாங்குகிற வரைக்கும்தான் வருமானம். ஆனால் அவர்களுக்கு நெடுநாள் கிடைக்காத சில கயிறுகள் இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஒன்று, நல வாரியப் பதிவு. கட்டட வேலை, வீட்டு வேலை, தையல் ஆகியவற்றுக்குத் தனித்தனி வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும். விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. அட்டை வாங்கினால் மட்டும் போதாது, உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேய்ந்த வளையத்தை மாற்றாமல் விட்ட கதை ஆகிவிடக் கூடாது.

இரண்டு, வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். கணக்கில் அந்த 20 ரூபாய்கூட இல்லாமல் காப்பீடு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் குழுச் சேமிப்பு. அதுதான் நம் மணிக்கட்டுப் பிடி. ஒருத்தி கை தளர்ந்த மாதத்தில் மற்றவள் கை விடாமல் இருப்பதற்குத்தானே குழு?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். உறுப்பினர் பெயர், செய்கிற வேலை, வாரிய அட்டை உண்டா, எந்தத் தேதி வரை செல்லும், காப்பீடு பிடிக்கிறார்களா என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுங்கள். அட்டை இல்லாதவர்களை அழைத்துப்போக நாங்கள் வருகிறோம். ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ தயாராக இருக்கட்டும்.